பொட்டு வைத்த மெஷின்

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றான். சம்பா அறுவடை முடிந்து உளுந்துச் செடி தலைதூக்கிவிட்டது. தோப்பில் புல்லும் காயத் தொடங்கிவிட்டது. இனி ஆடி, ஆவணி வரைக்கும் அந்த மெஷினுக்கு வேலை இல்லை. “அண்ணே, இத பரண்ல ஏத்தப் போறேன். டேங்க்க ரொப்பிட்டுத்தானே ஏத்தணும்? காலியா வைக்கக் கூடாதுல்ல?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே சொற்களை என் அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். காலியாக வைக்கக் கூடாது. அரிசிப் பானையைத் துடைத்து வைக்க மாட்டோம். குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைப்போம். அந்த வரிசையில் மெஷினின் டேங்க்கும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தம்பியை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். பேசிய பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் நஞ்சை, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தென்னந்தோப்பு. பெட்ரோலில் ஓடும் சாமான் வீட்டில் நான்கு இருக்கிறது: புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், மழைக்காலத்தில் வயலில் நிற்கிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவதற்கு ஒரு சின்ன பம்ப், அப்புறம் மரம் அறுக்கும் மெஷின். வருஷத்தில் பல மாதம் சும்மா கிடப்பவை இவை. வேலை என்று வந்தால் அந்த நிமிஷமே ஓடியாக வேண்டியவையும் இவைதான்.

சித்தி கேட்டது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியது. அந்த இரவைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. விடிந்தபோது தோப்பில் ஆகாயம் தெரிந்தது. நடு வயது மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தெருவில் மின்கம்பங்கள் ஒடிந்து கம்பி தரையில் ஓடியது. சித்தப்பா வீடு எங்கள் வீட்டுக்குக் கொல்லைப்புறம். அவர்களுடைய மாட்டுக் கொட்டகை மேல் ஒரு தென்னை குறுக்காக விழுந்திருந்தது. கீற்றுக் கூரையும் மூங்கிலும் அமுங்கி, அதற்கடியில் சிவலைப் பசு பின்பக்கம் சிக்கிக் கிடந்தது. உயிர் இருந்தது. கத்தக்கூட இல்லை, மூச்சுதான் பெரிதாக வந்துகொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் மரம் அறுக்கும் மெஷினை எடுத்து வந்தேன். காண்டாமிருக வண்டு விழுந்து மொட்டையாகிப்போன இரண்டு தென்னைகளை அறுக்க வைகாசியில் கடைசியாக ஓட்டியது. அரை டேங்க் மிச்சம் இருந்தது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன். ஒரு சத்தம் இல்லை. சோக்கை எடுத்து இழுத்தேன். அப்பா இழுத்தார். தம்பி இழுத்தான். தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். மறுபடி சோக், மறுபடி இழுப்பு. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அரை மணி நேரம் அதிலேயே போனது. இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் தோன்றியதுதான் அதில் கொடுமை. கடைசியில் சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் போய்க் கோடாலியை எடுத்து வந்தார். ஈரமான தென்னை நார் கோடாலியைப் பிடித்து இழுக்கும். வெட்டி, கடப்பாரை போட்டு நெம்பி, பசுவை வெளியே எடுக்கும்போது உச்சி வெயில்.

அது எழுந்து நிற்கவே இல்லை. கோணிச் சாக்கை வயிற்றுக்கடியில் கொடுத்து ஆறு பேர் தூக்கிப் பார்த்தோம். ரோடு எல்லாம் மரம் கிடந்ததால் மாட்டு டாக்டர் மறுநாள் மாலைதான் வர முடிந்தது. பின்னங்கால் நரம்பு அடிபட்டிருக்கிறது, பாரம் ஏறிக் கிடந்த நேரம்தான் கணக்கு என்றார். நான்காம் நாள் போய்விட்டது.

சித்தி என்னைத் திட்டவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை. முதல் நாள் இரவே, கரண்ட் இல்லாத திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: “ஏந் தம்பி, போன மாசம்தான அதத் தொடச்சு, பொட்டு வச்சுக் கும்பிட்டிய?”

ஆமாம். அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 18. பரணிலிருந்து மெஷினை இறக்கி, துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள், மண்வெட்டியோடு வரிசையில் வைத்துச் சூடம் காட்டினோம். அந்தப் பொட்டு புயல் அன்றும் அதன் கைப்பிடியில் இருந்தது. தூசி துடைத்தோம், மாலை போட்டோம், பொரியும் சுண்டலும் படைத்தோம். அதன் வயிற்றில் ஐந்து மாதப் பழைய பெட்ரோல் கிடப்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு முறை கயிற்றை இழுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சித்தியின் கேள்வி இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறது.

வாசனை

கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வெளி மாவட்டத்து மின்வாரிய ஆட்கள் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கி வேலை பார்த்தார்கள். ஓரளவு ரோடு திறந்ததும் மெஷினைத் திருத்துறைப்பூண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் பட்டறை வாசலில் ஜெனரேட்டரும் மரம் அறுக்கும் மெஷினுமாக வரிசை நின்றது. மெக்கானிக் அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து, குனிந்து மோந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, “நீங்களும் மோந்து பாருங்க” என்றார். பெட்ரோலுக்கென்று மூக்கில் ஏறுகிற ஒரு காரம் உண்டே, அது இல்லை. மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ் டப்பாவைத் திறந்தால் வரும் வாடைதான் வந்தது. நிறமும் டீத்தண்ணி போல இருந்தது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைப் பிரித்தார். அதற்குள் நகக்கண் அளவில் ஒரு கம்பி வலை இருக்கிறது. அதன்மேல் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது, வேப்ப மரத்துப் பிசின் மாதிரி. பெட்ரோலை உள்ளே இழுத்துவிடும் மெல்லிய ரப்பர் தகட்டுக்கு டயாஃப்ராம் என்று பெயர். அது வளைய வேண்டியது. விறைத்துப்போய் அப்பளம் மாதிரி இருந்தது. “மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி. வேல செஞ்சு கெட்டுப் போகல, சும்மா கெடந்து கெட்டுப் போயிருக்கு. வாசல்ல நிக்கிறது பாதிக்கு இதே நோவுதான்” என்றார். டயாஃப்ராம், கேஸ்கட், ஃபில்டர் மாற்றி, புது பெட்ரோல் ஊற்றி இழுத்தார். இரண்டாவது இழுப்பில் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை, தொண்டையை அடைத்தது.

டீசல் பழக்கம்

நாங்கள் ஒன்றும் சாமானைப் பேணத் தெரியாத ஆட்கள் இல்லை. தாத்தா மண்வெட்டியை ஒரு நாளும் சேற்றோடு வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வாய்க்காலிலேயே வைக்கோல் பிரியைக் கொண்டு தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்துத்தான் தோளில் வைப்பார். அறுவடை முடிந்தால் கதிர் அரிவாளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றுவார். ஏரும் நுகத்தடியும் கறையான் ஏறாமல் எரவாணத்தில் தொங்கும். ஓய்வுக் காலத்துக்கு ஒரு பொருளைத் தயார் செய்வது அவருக்கு வேலையின் கடைசிப் பகுதி. அது முடியாமல் வேலை முடிந்ததாகச் சொல்ல மாட்டார்.

அப்புறம் டீசல் எஞ்சின் வந்தது. கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் பழைய ஆயில் எஞ்சின், பெரிய சக்கரத்தோடு. அது ஒரு அசாத்தியமான பொறுமைசாலி. கோடை முழுக்கச் சாக்கு போட்டு மூடிக் கிடக்கும். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து, அது கல்லணை தாண்டி எங்கள் கடைமடைக்கு வராமல் இழுத்தடிக்கும்போது, குழாயிலிருக்கும் காற்றை எடுத்துவிட்டு நான்கு சுற்று சுற்றினால் டக் டக்கென்று கிளம்பிவிடும். டீசல் சுலபத்தில் ஆவியாகாது. எண்ணெய்ப் பசை உள்ள பொருள், டேங்க் நிறைய இருந்தால் உள்ளே ஈரம் கோத்துத் துருப்பிடிக்கவும் இடம் கொடுக்காது. அதனால் டீசலுக்கு டேங்க்கை நிரப்பி வைப்பதே சரி. அப்பா கற்றது அந்தப் பாடம். பெட்ரோல் மெஷின் வீட்டுக்கு வந்தபோது பாடத்தை அப்படியே இதற்கும் கொண்டுவந்துவிட்டார். மெஷினோடு வந்த புத்தகத்தை யாரும் பிரிக்கவில்லை. பிரித்திருந்தாலும், குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு பக்கம் இருந்திருக்கும். பனி பெய்கிற நாட்டுக்காரர்களுக்கு எழுதியது, நமக்கில்லை என்று புரட்டியிருப்போம்.

நமக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 35 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். எஞ்சின் முதல் இழுப்பில் தீப்பிடிப்பதற்கு அந்த லேசான பகுதிதான் வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே பரணில் கிடக்கும் டேங்க்கில் முதலில் போவதும் அதுதான். மிஞ்சிய கனமான பகுதி காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. குளிர் தேசத்து ஷெட்டில் இது நிதானமாக நடக்கும். நம் ஊரில் இரண்டு மூன்று மாதம் போதும்.

இப்போது கூடுதலாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2018இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இன்று பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரோடு உறவு கொண்டாடும் பொருள். காற்றின் ஈரத்தையும், மூடி இடுக்கு வழியாக இறங்கும் மழைத் துளியையும் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவு வரைதான் அதனால் தாங்க முடியும். மீறினால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் போய் உட்காரும். பெட்ரோல் மேலே நிற்கும். நம் மெஷினில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது? டேங்க்கின் அடியில். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு இது இன்னும் ஆபத்து. நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிட, அடியிலிருந்து ஆயில் இல்லாத தண்ணிச் சரக்கு உள்ளே போனால், ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதே பாக்கியம். ஓடினால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரில் இறுகிவிடும். பழைய மெஷின்களின் ரப்பர் குழாய்களையும் எத்தனால் இளக்கிவிடுகிறது. கடலும் அலையாத்திக் காடும் பக்கத்திலிருக்கிற எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்கும் உப்புக்கும் என்ன குறை?

அரை நாள் வேலை

இப்போதெல்லாம் மாசியில் ஒரு காலைப்பொழுதை இதற்கென்றே ஒதுக்கிவிடுகிறேன். அடுப்படியிலிருந்து தள்ளி, கொல்லையில், காற்றோட்டமான இடத்தில். முதலில் டேங்க்கைக் காலி செய்வது. பம்ப்பில் இருப்பது ஆயில் கலக்காத பெட்ரோல். தெளிவாக இருந்தால் துணியில் வடிகட்டி அன்றைக்கே பைக்கில் ஊற்றிவிடலாம். டூ ஸ்ட்ரோக் மெஷினில் இருப்பது கலவை, அதை பைக்கில் ஊற்றக் கூடாது. அதனால் கலக்கும்போதே கணக்காகக் கலக்கிறேன். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்றால் 50க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி என்றால் 25க்கு 1. எது நம் மெஷினுக்கு என்பது டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும். சீசன் முடியும் தறுவாயில் அரை லிட்டருக்குமேல் கலப்பதில்லை. மிஞ்சினால் மெக்கானிக் அண்ணன் சாமான் கழுவ வாங்கிக்கொள்வார். வாய்க்காலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் நம் மாடு வாய் வைக்கும்.

டேங்க் காலியானதும் வேலை முடிந்ததாக நினைத்து நான் ஒரு வருஷம் ஏமாந்திருக்கிறேன். பிசின் பிடிப்பது டேங்க்கில் இல்லை, கார்ப்பரேட்டரில் தங்கும் அந்த ஒரு ஸ்பூன் பெட்ரோலில். டேங்க் காலியான பிறகு மெஷினை ஸ்டார்ட் பண்ணி, சும்மா ஓடவிட்டு, தானாக அணைய விட வேண்டும். அணைந்ததும் சோக் போட்டு மறுபடி இழுத்தால் இன்னும் சில நொடி ஓடி அணையும். சோக் போட்டும் உயிர் வராத வரைக்கும் இழுக்க வேண்டும். பம்ப் மாதிரி, ஆயிலைத் தனியே ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கார்ப்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் மிச்சம் சொட்டிவிடும். மெஷின் சூடாக இருக்கும்போது பெட்ரோலைச் சிந்தவிடக் கூடாது, ஆறிய பிறகே திருகில் கை வைக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் எஞ்சினை ஓட்டவும் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

ஆயில் மாற்றுவதற்கு மட்டும் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூட்டில்தான் அழுக்கு ஆயிலோடு கலந்து வெளியே வரும். அடுத்த சீசன் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். ஓடிய ஆயிலில் புளிப்பு ஏறியிருக்கும், அது மாதக்கணக்கில் உள்ளே நின்று பேரிங்கை அரிக்கும். ஓய்வில் ஊற வேண்டியது புது ஆயில். சின்ன எஞ்சினுக்கு அரை லிட்டர் சொச்சம்தான், அதில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

அப்புறம் பிளக். கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுப்பேன். சிலிண்டர் சுவரெல்லாம் ஆயில் பூசிக்கொள்ளும். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, இழுப்பு கனக்கிற இடம் வரை கயிற்றை நிதானமாக இழுத்து அங்கேயே விட்டுவிடுவேன். பிஸ்டன் மேலே ஏறி நிற்கும் இடம் அது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போக வழியில்லை. இதைச் செய்யும்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டுப் படுப்பது மாதிரி எனக்கு ஒரு நிம்மதி.

மரம் அறுக்கும் மெஷினில் செயினையும், அது சுற்றி ஓடும் நீளப் பட்டையான பாரையும் தனியே கழற்ற வேண்டும். பாரின் பள்ளத்தில் தென்னந்தூள் ஆயிலோடு சேர்ந்து களிமண் மாதிரி இறுகியிருக்கும், அதைப் பழைய ஹாக்சா பிளேடால் சுரண்டி எடுத்தால்தான் ஆயில் துளை தெரியும். செயினை ஆயிலில் ஊறப்போட்டு ஒரு டப்பாவில் மூடி வைக்கிறேன். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை பெட்ரோலில் கழுவுகிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, அது பொடிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். புல் வெட்டும் மெஷினின் தலைப்பக்கக் கியருக்கு ஒரு பிதுக்கு கிரீஸ்.

பம்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது நாங்கள் இறைப்பது தெளிந்த நீர் இல்லை. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல். பம்ப்பின் வயிற்றில் அந்தச் சேறு தங்கிக் காய்ந்தால் பங்குனியில் செங்கல். உள்ளே சுழல வேண்டிய சக்கரம் அதோடு ஒட்டிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் அசையாது, எஞ்சின் இறுகிவிட்டதென்று நினைத்துப் பயந்துபோவோம். கடல் தண்ணீர் ஏறிவரும் வாய்க்காலில் இறைத்திருந்தால் உப்பு வேறு அலுமினியத்தைக் குழிக்குழியாகத் தின்றுவிடும். அதனால் கடைசி நாளன்று கைப்பம்ப்புத் தண்ணீர் இரண்டு வாளி வைத்து பம்ப்பைக் கொஞ்சம் ஓட்டி அலசிவிட்டு, அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி முழுக்க வடித்து, மூடியைப் போடாமல் இரண்டு நாள் காயவிடுகிறேன். கழற்றிய மூடி தொலையாமல் இருக்கக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவேன்.

எங்கே வைப்பது

இதெல்லாம் செய்துவிட்டு உர மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் பட்ட பாடு வீண். யூரியா ஈரம் இழுக்கும், பொட்டாஷ் உப்பு இரும்பைத் தின்னும். எங்கள் வீட்டில் பல வருஷம் எல்லாம் ஒரே அறைதான். ஸ்பிரேயரின் திருகுகள் எல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போன பிறகுதான் உறைத்தது. விதைநெல் இருக்கும் இடத்திலும் வைக்க முடியாது, பெட்ரோல் வாடை ஆகாது. இப்போது கொல்லைத் தாழ்வாரத்து விட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.

தொங்கவிடுவதற்கு எலியும் ஒரு காரணம். அறுவடை முடிந்த வயலை விட்டு எலி எங்கே வரும்? வீட்டுக்கு. எஞ்சினின் காற்றாடி மூடிக்குள் வைக்கோலும் பஞ்சுமாகக் கூடு கட்டி, பிளக் வயரைக் கடித்து, குட்டியும் போட்டுவிடும். தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் காற்று போகாமல் எஞ்சின் வெந்துவிடும். சைலன்ஸர் வாயில் மண்குளவி கூடு கட்டும். அதற்குத் துணியை அடைத்து, ஒரு சிவப்பு முனை வெளியே தெரியும்படி விட்டுவிடுவேன், ஓட்டும்போது எடுக்க மறக்காமல் இருக்க. பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வேர்த்து அந்த ஈரமே துருவாகும். பழைய வேட்டி போர்த்தினால் போதும், அது மூச்சு விடும்.

கடைசியாக, தேதி கிழிக்கும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் செய்த வேலையை எழுதி, கைப்பிடியில் சுருட்டிக் கட்டிவிடுகிறேன். ஆயில் மாற்றியது, டேங்க் காலி, பிளக் புதுசு. ஆறு மாதம் கழித்து யார் எடுத்தாலும் தெரிய வேண்டுமே. நான் ஊரில் இல்லாத நாளில் தம்பி எடுக்கலாம்.

எப்போது எழுப்புவது

ஓய்வுக் காலம் என்று சொல்கிறேனே தவிர, நான்கு மெஷினுக்கும் ஒரே ஓய்வுக் காலம் இல்லை. ஸ்பிரேயரும் புல் வெட்டும் மெஷினும் மாசியில் தூங்கப்போகும். பயிறு உளுந்துக்கு ஒரு தண்ணீர் தேவைப்பட்டால் பம்ப் மட்டும் மாசிக் கடைசிவரை விழித்திருக்கும். மேட்டூரை ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு வாய்க்காலில் தேங்கி நிற்பதை இறைத்தால்தான் உண்டு. மரம் அறுக்கும் மெஷினுக்கு வேலை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் கரையில் புயல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும். அதற்கு முன்னால் அது விழித்திருக்க வேண்டும். இப்படி யோசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஆயுத பூஜை வருவது புரட்டாசியில், சில வருஷம் ஐப்பசித் தொடக்கத்தில். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குச் சற்று முன்னால். எழுப்பிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அந்த நாளை நாங்கள் கையில் வைத்துக்கொண்டே வீணடித்திருக்கிறோம்.

2019லிருந்து எங்கள் வீட்டில் பூஜை இப்படித்தான். காலையில் நான்கையும் இறக்கி, சைலன்ஸர் துணியை எடுத்து, அன்றைக்கே வாங்கிய பெட்ரோல் கால் லிட்டர் ஊற்றி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறோம். பம்ப்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சீல் கருகிவிடும், அதை மட்டும் வாளித் தண்ணீரோடு. ஓடிய மெஷினுக்குத்தான் பொட்டு. ஓடாதது திண்ணையோரம் தனியாக நிற்கும், அது பட்டறைக்குப் போய் வந்த பிறகு வைப்போம். அம்மாவுக்கு முதல் வருஷம் இது பிடிக்கவில்லை. பூஜை நாளில் வீடு முழுக்கப் புகை என்றார். ஒரு மெஷின் அன்றைக்கு ஓடாமல் நின்று, பட்டறைக்குப் போய், மழைக்கு முன்பே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவரே “ஓட்டியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் சந்தனம் கரைக்கிறார். மழை தொடங்கி மரம் அறுக்கும் மெஷினுக்கு மார்கழி வரை மாதம் ஒருமுறை புது பெட்ரோல் விட்டு ஐந்து நிமிஷம் ஓட்டம். அணைக்கும்போது மறுபடி உலரவிடுவது.

அந்தத் தம்பியின் மெஷினைப் பற்றிச் சொல்லவில்லையே. டேங்க்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து வெயிலில் வைத்தோம். சற்று நேரத்தில் அடியில் விரற்கடை உயரத்துக்கு ஒரு படலம் தனியாகத் தெரிந்தது, எண்ணெய்க்கடியில் தண்ணீர் நிற்பது மாதிரி. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, ஐப்பசி மழை அது வழியாக இறங்கியிருக்கிறது. அவன் பாட்டிலை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். “இதுலயா அண்ணே ரெண்டு மாசமா ஓடுச்சு?” என்றான். மூடி வாங்க முத்துப்பேட்டைக்குப் போயிருக்கிறான். மெஷின் எங்கள் தாழ்வாரத்தில், காலி டேங்க்கோடு, சித்தி கொடுத்த பழைய புடவைத் துண்டு போர்த்தித் தொங்குகிறது.